மணி நிறுத்துநர் பணியிடம்

என் அத்தான் திருஞானசம்பந்தத்துக்கு உருப்படியாகத் தெரிந்த காரியம் ஒன்றுதான். யார் வந்தாலும் எழுந்து நின்று, கை குவித்து, "வாங்க, வாங்க" என்பார். ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் சைவப் பிள்ளைமார் வீடுகளில் வயல் போய், குத்தகை நெல் போய், கடைசியில் மிஞ்சின சொத்து இந்த "வாங்க" ஒன்றுதான். கல்யாண வீட்டில் தன்னை வாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்காகக் கூடப்பிறந்தவனோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள் ஸ்ரீவைகுண்டம் முதல் பாளையங்கோட்டை வரை இருக்கிறார்கள். அதனால் ஒரு வீட்டில் முகூர்த்த நாள் குறித்தால் சமையல்காரருக்கு அடுத்தபடி அத்தானிடம்தான் சொல்லி வைப்பார்கள். சந்தனக் கும்பாவோடும் பன்னீர்ச் செம்போடும் வாசலில் நிற்பார். ஒருத்தரையும் விட மாட்டார். மாப்பிள்ளை வீட்டுக் காரை ஓட்டி வந்தவனுக்கும், எச்சில் இலை எடுக்க வந்தவளுக்கும் அதே "வாங்க"தான். என் அக்கா அன்னத்தாயைக் கட்டிக்கொண்டவர் என்கிற முறையில் எனக்கு அவர்மேல் சில கோபங்கள் உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல நாக்கு எழாது.

அவர்களுக்கு ஒரே பெண், வேணி. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். ஏழு வயசு. "அப்பா" என்று தொடங்காமல் அவளுக்கு வாக்கியமே வராது. "அப்பா, மழ வருது." "அப்பா, அம்மா ஏசுதா." "அப்பா, சங்கரன் வந்திருக்கான்." அந்தச் சங்கரன் நான்தான். திருநெல்வேலி ஜங்ஷனில் கரண்டு சாமான் கடை வைத்திருக்கும் சிவசங்கரன். தாய்மாமனை இப்படிப் பேர் சொல்லுவதற்காக அக்கா அவளை ஏசுவாள். எனக்கு அது பிடித்திருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஐப்பசி மழை விட்டு, நடவு முடிந்து, வயலெல்லாம் தண்ணீர் நின்ற சமயத்தில் வேணிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் தலைவலி என்றாள். அப்புறம் வாந்தி எடுத்தாள். மறுநாள் கண் மேலே செருகிக் கை கால் இழுத்தது. ஏரல் டாக்டர் பார்த்துவிட்டு, "மூளக்காய்ச்சல் மாதிரி தெரியுது. இங்கன வச்சிருக்காதிய. புதுசா ஆராய்ச்சி ஆஸ்பத்திரி கட்டியிருக்காவள்லா, அங்கன கொண்டு போங்க" என்றார். தகவல் வந்ததும் நான் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு ஏரலுக்கு ஓடி, அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு மூளை அழற்சி உயராய்வு நிலையம் என்று பெயர். நெல் வயல், கொக்கு, பன்றி, கொசு இவை கூடுகிற இடத்தில்தான் இந்தக் காய்ச்சல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நிலையத்தை அவை எதுவுமே இல்லாத இடமாகத் தேடிப் பிடித்து, கங்கைகொண்டான் போகிற சாலையில் உடைமரப் பொட்டலுக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். அதிகாரிகளுக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாதல்லவா? கட்டடம் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மிஷின்கள் இருந்தன, கட்டில்கள் இருந்தன, பளிங்குத் தரை இருந்தது. வயல் சூழ்ந்த ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் பாதி வழியிலேயே கதை முடிந்துவிடும் என்பதால் நோயாளிதான் இல்லை. உயிரோடு வாசல் தாண்டிய முதல் பிள்ளை வேணி.

வாசலில் காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் "ஏற்பி – 1" என்று பட்டை குத்தியிருந்தது. அவர் பெயர் கருத்தையா என்று பிற்பாடு தெரிந்தது. அத்தான் தோளில் கிடந்த வேணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சூடு" என்றார். பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். கட்டடம் முழுக்க மணி அலறியது. அடுத்தவர் இடத்தில் நிற்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் அத்தான் அவரைப் பார்த்து "வாங்க" என்றார்.

உள் நடையில் ஏற்பி – 2 இருந்தார். வாந்தியை அடையாளம் காண்பது மட்டும் அவர் வேலை. கண்டார், அமுக்கினார். இன்னொரு மணி. அவரைத் தாண்டினால் ஏற்பி – 3, இழுப்புக்கு. வேணிக்கு அப்போது இழுப்பு இல்லை. "கொஞ்சம் நில்லுங்க, வரட்டும்" என்று எங்களை நிறுத்தி வைத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவரே பயந்துபோய் அமுக்கிவிட்டார்.

இந்த ஏற்பாட்டின் தத்துவத்தை அன்று மத்தியானம் இயக்குநரே வந்து எங்களுக்கு விளக்கினார். டாக்டர் ஹரிஹரசுப்பிரமணியன் என்று பெயர். வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வேணி படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டு, மேடையில் பேசுகிற குரலில் பேசினார்.

"உடம்பில் ஒவ்வொரு உயிரணுவின் வாசலிலும் ஏற்பி என்று ஒரு காவலாள் இருக்கிறான். வருவது உறவா, பகையா என்று முதலில் கண்டுபிடிப்பவன் அவனே. கண்டதும் குரல் கொடுக்கிறான். குரல் கேட்டுப் படை திரண்டு வருகிறது. வந்தவர்கள் தாங்களும் குரல் கொடுத்து இன்னும் படையை வரவழைக்கிறார்கள். என்ன அற்புதமான நிர்வாகம்! அதை அப்படியே இந்த நிலையத்தில் அமல்படுத்தியிருக்கிறேன். நோயைக் கண்டவர் எவராயினும் மணி அடிக்க வேண்டும். மணி கேட்டவர் எவராயினும் வர வேண்டும். உலகத்தில் வேறெங்கும் இந்த முறை கிடையாது."

அத்தான் பூகோள வாத்தியார் என்பதால் எதையும் கடைசி வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் உண்டு. "சார், வந்த வேல முடிஞ்சா படையத் திரும்பிப் போகச் சொல்லுதது யாரு?" என்று பணிவாகக் கேட்டார்.

"நல்ல கேள்வி. உடம்பில் அதற்கும் ஏதோ ஏற்பாடு உண்டு என்கிறார்கள். நம் நிலையத்தில் மணி நிறுத்துநர் என்று ஒரு பணியிடம் கேட்டு எழுதியிருக்கிறோம். கோப்பு சென்னையில் இருக்கிறது. மணி அடிக்கிற பணியிடங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் கிடைத்துவிட்டன. நிறுத்துவதற்குத்தான் நிதித்துறை ஒப்பவில்லை. ஒரு வேலை நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு ஆளா என்று கேட்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது."

பேசி முடித்துப் போகும்போது, நோயைத் தானும் கண்டுவிட்டதால், கட்டிலுக்கு மேல் சுவரில் இருந்த பொத்தானை அமுக்கிவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் வேணியை நோயாளியாகப் பார்த்த ஒரே ஆள் டாக்டர் சாலோமி. உவரிக்காரப் பெண். சின்ன வயசு. பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. அவள்தான் அத்தானையும் அக்காவையும் என்னையும் ஓரமாக உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"பிள்ளைக்கு மூள வீங்கிருக்கு. கிருமி செய்த சேதம் உண்டுதான். ஆனா கிருமிய வெரட்ட வந்த நம்ம படைதான் இப்பம் அதவிடக் கூடச் சேதம் பண்ணுது. வந்த படை போக மாட்டங்கு. மத்த இடத்துல வீங்குனா தோலு விரிஞ்சு குடுக்கும். மண்டையோடு எலும்புல்லா, எங்கன விரியும்? வீக்கம் வத்துததுக்கு மருந்து ஏத்துதேன். தலைய கொஞ்சம் ஒசத்தி வச்சு, இருட்டா, சத்தமில்லாம விடணும். சின்ன சத்தத்துக்குகூட இழுப்பு வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் மூளைல கொஞ்சம் போயிரும். ரெண்டு மூணு நாளைக்கு இந்த அறைல ஆள் நடமாட்டமே ஆகாது."

"பொழச்சிருவாளாம்மா?" என்றார் அத்தான்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். பொழைக்கலாம். பொழைக்காமலும் போவலாம்."

"பொழச்சா, அப்பான்னு கூப்புடுவாளா?"

சாலோமி கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அமைதியா விட்டா கூப்புடுவான்னு நம்புவோம்" என்றாள். அத்தான் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் அவர் கேட்டது, நினைத்தது, சாமியிடம் வேண்டியது எல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான்.

ஆனால் மணி கேட்டுப் படை வந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக நோயாளியைப் பார்க்காத அதிகாரிகள் எத்தனை பேர் அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கொசுப் பிரிவு வந்தது. கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு மூலை மூலையாகப் புகை போட்டது. புகை மூட்டத்தில் புள்ளியியல் பிரிவு தடுமாறிக்கொண்டு வந்து, ஏற்கெனவே வந்தவர்களை எண்ணிவிட்டுப் போனது. பன்றிப் பிரிவு அதிகாரி, வீட்டில் பன்றி வளர்க்கிறீர்களா என்று அத்தானைக் கேட்டுவிட்டு, அவர் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்து மன்னிப்பும் கேட்டார். அத்தான் அவரை மறுபடியும் வாங்க என்றார்.

கொக்குப் பிரிவு அதிகாரி அக்காவிடம் வந்தார். "குழந்தை கொக்கைப் பார்த்ததுண்டா?"

"எங்கூர்ல கொக்கப் பாக்காத பிள்ள உண்டா?"

"கொக்கு குழந்தையைப் பார்த்ததா?"

அக்கா வேணியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தாய் நினைவு கூரவில்லை" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் நோயைக் கண்டார்கள். கண்டதால் மணி அமுக்கினார்கள். மணி கேட்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். அத்தான் ஒவ்வொரு தடவையும் முக்காலியை விட்டு எழுந்து, "வாங்க, வாங்க, இருங்க" என்று அந்த முக்காலியைக் காட்டினார். அறையில் காலூன்ற இடமில்லை. வேணிக்கு மூச்சு முட்டுகிறது என்று சாலோமி சொன்னபோது அதைக் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. முன் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பின் வரிசைக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயந்திரம் மக்கள் தொடர்பு அலுவலர் வேதமுத்து ஒரு பொன்னாடையோடும் போட்டோகிராபரோடும் வந்தார். முதல் உள்நோயாளியின் தந்தையைக் கௌரவிப்பதாக நிலையம் முடிவு செய்திருந்தது.

"நம்ம நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, தன் மகளுக்கு நோய் வந்த உடனேயே, காலதாமதம் செய்யாமல் அழைத்து வந்த பெருந்தகை இவர்" என்று வேதமுத்து பேசினார். "இந்தக் குழந்தை நமக்குக் கிடைத்தது நம் பாக்கியம். இது போல இன்னும் பல குழந்தைகள் நமக்குக் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்."

அத்தான் தோளில் ஜரிகை போட்ட துண்டோடு, ஒன்றும் புரியாமல் கும்பிட்டபடி நின்றார். பளிச் என்று வெளிச்சம் அடித்தது. வேணியின் முதுகு வில்லாக வளைந்தது. வாயோரம் நுரை தள்ளியது. சாலோமி எல்லோரையும் இடித்துக்கொண்டு ஊசியோடு ஓடி வந்தாள். இயக்குநர் முகமெல்லாம் மலர்ந்து, "இழுப்பு! ஏற்பி மூன்றைக் கூப்பிடுங்கள், அவருக்கு இது உரிமை" என்றார். ஏற்பி மூன்று வந்து அமுக்கினார். கை தட்டினார்கள்.

 

இழுப்பு நின்றபின் சாலோமி அத்தானை வெளியே கூப்பிட்டாள். "இவங்க எல்லாம் எனக்கு மேல உள்ளவங்க. நான் சொன்னா ஏற மாட்டங்கு. நீங்க பிள்ளையப் பெத்தவரு. நீங்க தடுத்தா ஒண்ணும் செய்ய முடியாது. நாளைக்குக் காலைல இருந்து கதவுகிட்ட நில்லுங்க. ஒருத்தரையும் உள்ள விடாதிய. போங்கன்னு சொல்லுங்க சார். அது போதும்."

"சொல்லுதேன்ம்மா. கண்டிப்பா சொல்லுதேன்" என்றார் அத்தான்.

மறுநாள் காலையில் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, கதவை மறித்துக்கொண்டு வந்து நின்றார். என்னைப் பார்த்து, "இப்பம் பாக்க முடியாது, போங்க. சரியா இருக்கால, சங்கரா?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். மறுபடியும் மறுபடியும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாடம் நடத்தப் போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். நடையின் கோடியில் காலடிச் சத்தம் கேட்டது. டெல்லியிலிருந்து விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு இயக்குநர் வந்துகொண்டிருந்தார். எல்லோர் கழுத்திலும் மாலை.

அத்தான் நிமிர்ந்தார். வாய் திறந்தது. "வாங்க, வாங்க" என்றார். அதோடு விட்டாரா? கதவையும் அவரே திறந்து பிடித்துக்கொண்டார்.

அவர்கள் எல்லோரும் உள்ளே போனபின், அந்தக் கதவைப் பிடித்த கையாலேயே தன் வாயில் அறைந்துகொண்டார். "வாயில வரலல, சங்கரா. வாசல்ல வந்து நிக்கவங்களப் போங்கன்னு எப்படில சொல்லுவேன்? நாக்குப் பொரள மாட்டங்குல" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை அடித்துவிடலாம் என்று போன எனக்கு அவரைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடிந்தது.

உள்ளே டெல்லி விருந்தாளிகள் ஒவ்வொருவராக மணி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அக்காவின் குரல் கேட்டது. என் அக்கா உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. தெருவில் மோர்க்காரியைக் கூப்பிடக்கூட அடுத்த வீட்டுக்காரிதான் குரல் கொடுக்க வேண்டும்.

"எல்லாரும் வெளிய போங்க! எம் பிள்ளயப் பாத்தது போதும். காச்சிப் பொருளா அவ? போங்கன்னு சொல்லுதேன்லா, போங்க!"

டெல்லிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர்கள்தான் முதலில் வெளியேறினார்கள். இயக்குநர் கடைசியாக, "தாயின் உணர்ச்சி" என்று விளக்கம் சொல்லிக்கொண்டே போனார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, கரண்டுக்கடதான வச்சிருக்க? அந்த மணியக் கழட்டுல."

சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. கழற்றினேன். அந்த அறையின் மணி மட்டுமல்ல, நடையிலிருந்து வந்த மொத்த வயரையும் துண்டித்தேன். இன்றைக்கு வரைக்கும் நான் செய்த வேலைகளில் எனக்குத் திருப்தி தந்தது அது ஒன்றுதான்.

அமைதி வந்தது. சாலோமி ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்தாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெளியே உடைமரத்தில் காற்று போகிற சத்தம் கேட்டது. மூடியே இருந்த வேணியின் கை விரல்கள் பைய விரிந்தன. மூச்சு சீரானது. மத்தியானம் போல ஒரு தடவை தலையைத் திருப்பினாள். அத்தான் இருந்த பக்கம்தான் திருப்பினாள். உதடு ஒட்டிப் பிரிந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா, பாத்தியா?" என்று அத்தான் அக்காவின் காதில் ரகசியம் போலச் சொன்னார். "உதடு ஒட்டுதுல்லா? அப்பான்னு சொல்லப் பாக்கா."

சாலோமி டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். அந்த அறைக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "கொஞ்சம் வத்துது சார். இப்படியே விட்டாப் போதும்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு பொழுது நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் மணி நின்றால் நிலையத்தில் சும்மா விடுவார்களா? அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவும் அங்கே ஒருவர் இருந்தார். விதிப்படி மணி நிற்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு, பழுது. நோய் குறைந்தால் மணி நிற்கலாம் என்று விதியில் எழுதவில்லை. அதற்கு முன்னால் யாருக்கும் அங்கே நோய் குறைந்ததில்லை.

பராமரிப்புப் பிரிவு ஏணியோடும் சுத்தியலோடும் வந்தது. அது ஏன் வந்தது என்று கேட்க நிர்வாகப் பிரிவு வந்தது. அரசாங்கச் சொத்தை அறுத்தவன் யார் என்று கேட்க ஒரு போலீஸ்காரர் வந்தார். நான்தான் என்றேன். "அங்கன போய் நில்லு வே" என்று என்னைச் சுவரோரம் நிறுத்தினார். சாலோமி கைகளை விரித்துக் கதவை மறித்தாள். "பிள்ளை இப்பம்தான் கொஞ்சம் தெளியுது. ஒரு நாள் பொறுங்க, உங்கள கும்பிட்டுக் கேக்கேன்" என்றாள். பணிக்கு இடையூறு செய்ததற்காக அவளிடம் விளக்கம் கேட்கப்படும் என்று நிர்வாகப் பிரிவு சொன்னது. அவளை ஒதுக்கிவிட்டு ஏணி உள்ளே வந்தது.

சுவரில் அடித்தார்கள். காரை உதிர்ந்து போர்வையில் விழுந்தது. பழைய மணியின் சத்தம் போதவில்லை என்று ஒரு புகார் இருந்ததால் பெரிய மணியாகவே கொண்டுவந்திருந்தார்கள். அத்தான் இந்தத் தடவை யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. கட்டிலின்மேல் குனிந்து, வேணியின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"சோதனை" என்றார் ஏணிமேல் நின்றவர். அமுக்கினார்.

அப்போது வந்த இழுப்பு நிற்கவே இல்லை. சாலோமி ஒரு மருந்து மாற்றி இன்னொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். விடியப் போகிற நேரத்தில் மூச்சு நின்றதும் கட்டிலில் ஏறி முழங்காலிட்டு நெஞ்சை அமுக்கினாள். விடிந்த பிறகு கையை எடுத்தாள். மணி நன்றாக வேலை செய்கிறது என்று பராமரிப்புப் பிரிவு அதற்கு முன்பே சான்று கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

மணி மட்டும் இல்லாதிருந்தால் வேணி பிழைத்திருப்பாளா என்று சாலோமியிடம் கேட்டேன். "தெரியாது அண்ணாச்சி. கடுமையான காய்ச்சல்தான். இப்படித் துடிச்சிருக்க மாட்டா, அது தெரியும்" என்றாள். அவள் அழுதது அந்தக் கட்டடத்தில் எந்த ஏற்பிக்கும் அடையாளம் தெரியவில்லை.

ஏரலிலிருந்து எங்கள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வேணியை வெள்ளைத் துணி மூடி நடையில் ஒரு தள்ளுகட்டிலில் வைத்திருந்தார்கள். அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது இயக்குநர் எல்லாப் பிரிவுகளும் புடைசூழ வந்தார். வந்து சற்றுத் தள்ளி நின்றார். அத்தான் எழுந்து வந்து அழைப்பார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. துக்கம் நடந்த இடத்தில் யாரையும் வாங்க என்று கேட்பது எங்களுக்கு வழக்கமில்லை. அத்தான் அவரை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. இயக்குநர் தானாகவே நெருங்கிப் பேசத் தொடங்கினார்.

"நிலையம் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. ஒரு விஷயம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். எங்கள் ஏற்பிகள் ஒருவர்கூடத் தவறவில்லை. அழைத்த பிரிவுகள் அத்தனையும் வந்தன. அந்த வகையில் இது முழு வெற்றி. குழந்தை மட்டும் கடைசி வரை தாக்குப்பிடித்திருந்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இனி அடுத்த கட்டம். உடம்புக்குள் இருந்த காவலாட்கள் என்ன செய்தார்கள் என்று நாங்கள் பார்த்தாக வேண்டும். மூளையிலிருந்து ஒரு சிறு துண்டு தேவைப்படுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. உங்கள் சம்மதம் வேண்டும்."

நான் அவரை நோக்கி ஓர் அடி வைத்தேன். வந்திருந்த ஆட்களில் ஒருவர் என் தோளைப் பிடித்து அமுக்கினார். அத்தான் எழுந்தார்.

"எடுத்தா மத்த பிள்ளையளுக்கு நல்லதா சார்?"

"நிச்சயமாக. வருங்காலமே இதில்தான் இருக்கிறது."

அத்தான் வேணியைப் பார்த்தார். மூடியிருந்த துணியின் ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற அதே பணிவோடு சொன்னார்.

"எடுத்துக்கிடுங்க சார். ஒண்ணே ஒண்ணு மட்டும். அவ என்னய அப்பான்னு கூப்புடுவா. அது எந்த இடத்துல இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? அத மட்டும் விட்டுட்டு எடுத்துக்கிடுங்க."

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் கொக்குப் பிரிவைப் பார்த்தார். கொக்குப் பிரிவு தரையைப் பார்த்தது. சாலோமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்படி ஒரு இடம்..." என்றார் இயக்குநர். "அது இதுதான் என்று திட்டவட்டமாகச் சொல்லுகிற நிலையில் நாங்கள் இல்லை."

"தெரியாதா சார்?"

"தெரியாது."

"அப்பம் வேண்டாம் சார்" என்றார் அத்தான்.

அவர் ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். பிறகு குனிந்து, வேணியைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கார் நிற்கிற பக்கம் பார்த்து நடந்தார்.